அப்பாவோடு ஒரு பியர்த் தோட்டம்

போன வருசம் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறையச் சனம், மேடையில் பலூன் வளைவு, ஸ்பீக்கரில் யாரும் கேட்காத பாட்டு. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. வெளியே விளையாடிக்கொண்டு நின்றவன் ஓடிவந்து கேட்டான்: "அம்மா, ஏன் மாமாக்கள் எல்லாரும் காருக்குப் பின்னால நிக்கினம்?"

அந்தக் காட்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும். லண்டன், டொரொண்டோ, சூரிச், எங்கே என்றாலும் ஒரே காட்சிதான். திறந்த டிக்கி, பிளாஸ்டிக் கப், பெரிய கோலாப் போத்தல், மிக்சர் பைக்கற். உள்ளே மனைவிமார் எதுவும் தெரியாததுபோல் சாறியைச் சரிசெய்துகொண்டு இருப்பார்கள்.

"சும்மா கதைக்கினம்" என்றேன்.

"அப்ப ஏன் கப்பை ஒளிக்கினம்?"

கேக் வெட்டப் போறினம் வா என்று இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இதில் எனக்குப் பெரிசாக நியாயம் சொல்ல ஏலாது. நானும் பியர் குடிக்கிறவள்தான். டிக்கிக்குப் பின்னால் பெண்களுக்கு இடமில்லை என்பதால், பிள்ளைகள் படுத்த பிறகு பல்கனியில் கணவரோடு ஒரு போத்தலைப் பகிர்ந்து குடிப்பேன். அப்பா அம்மா வந்து நிற்கிற நாட்களில் போத்தல்கள் எங்கள் அடுக்குமாடியின் கெல்லருக்குப் போய்விடும். ஜேர்மனியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழே ஒரு சின்ன அறை தருவார்கள், அதுதான் கெல்லர். அங்கே சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்குப் பின்னால் இரண்டு போத்தல் எப்போதும் இருக்கும். எனக்கு வயது 39. ஒளிக்கிறது மாமாக்கள் மட்டும் இல்லை.

இந்த ஓகஸ்டில் அம்மா அக்காவின் பிள்ளைப்பேறுக்குக் கனடாவுக்குப் போய்விட்டா. அப்பா மூன்று கிழமைக்கு எங்களிடம் வந்தார். நாங்கள் இருப்பது நியூர்ன்பேர்க்கில், கூரைக்குக் கீழே உள்ள மாடி. வெளியே 33 பாகை என்றால் உள்ளே அதற்கும் மேல். ஏசி கிடையாது. இரண்டாம் நாளே அப்பா பனியனோடு யன்னலடியில் இருந்து, "யாழ்ப்பாணத்திலையும் இப்பிடி வேர்க்கேல்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் என் கணவர், யோசிக்காமல்தான் என்று நினைக்கிறேன், "மாமா, பம்பேர்க் போவமோ? மலையில கெல்லர் இருக்கு, நல்ல குளிர்மை" என்றார்.

நான் அவரை முறைத்தேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

அப்பா 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு பெர்லினுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்த வழி அது. ஒரு வருடம் கழித்து அவரின் தம்பியும் வந்தார். சித்தப்பாவை ஒரு சின்ன ஊரில் அகதிகள் விடுதியில் போட்டார்கள், ஓர் அறைக்கு நான்கு பேர். வேலை செய்ய அனுமதி இல்லாத வருடங்கள் அவை. பகல் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லாத ஓர் இருபத்தெட்டு வயது மனிதனுக்கு, சுப்பர்மார்க்கெட்டின் மலிவு ரின் பியர்தான் நேரம் போக்கியது. பிறகு வேலையும் வந்தது, விசாவும் வந்தது, ஆனால் பியர் போகவில்லை. ஈரல் பழுதாகி 1999இல் செத்துப்போனார், 41 வயது. யார் கண்ணிலும் படாமல் குடித்தார் என்றபடியால் கடைசி வரைக்கும் எவ்வளவு குடித்தார் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அப்பா ஒரு துளி தொடவில்லை. எங்கள் வீட்டில் 'பியர்' என்ற சொல்லே வராது. வந்தால் அம்மா குசினிக்குள் போய்விடுவா.

ஆனாலும் போனோம். வெக்கை அப்படி.

பம்பேர்க்குக்கு நியூர்ன்பேர்க்கில் இருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம், மெதுவான வண்டி என்றால் ஒன்று. காரை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். முதல்நாள் இரவு நான் மீன் கட்லட் பொரித்தேன், கணவர் ரோல்ஸ் சுற்றினார், உளுந்து வடைக்கு அரைத்தும் வைத்தேன். "அங்க கடை இல்லையோ? ஏன் சாப்பாடு காவுறாய்?" என்று அப்பா கேட்டார். கடைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறோம் என்று சொன்னபோது, பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

இந்த வழக்கத்தின் கதை அழகானது. பழைய பாணி பியருக்கான ஈஸ்ட் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். வெக்கையில் காய்ச்சினால் பியர் புளிக்கும், கெடும். அதனால் 1553இல் பவேரியாவில், ஏப்ரல் 23இல் இருந்து செப்டெம்பர் 29 வரை பியர் காய்ச்சக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பம்பேர்க் அப்போது பவேரியாவோடு இல்லை, ஆயரின் ஆட்சியில் இருந்த தனி நாடு. பவேரியாவோடு சேர்ந்தது 1802–1803 காலத்தில்தான். ஆனால் ஈஸ்டுக்கு எல்லைக்கோடு தெரியாதே! இரண்டு இடத்திலும் ஒரே பிரச்சினை: குளிர்காலத்தில் காய்ச்சின பியரை வெயில் காலம் முழுக்க எப்படிக் காப்பாற்றுவது?

அதற்காக மலையைக் குடைந்தார்கள். பம்பேர்க்கின் ஸ்டெபான்ஸ்பேர்க் மேடு மணற்கல். அதற்குள்ளே நீளநீளமான சுரங்கங்கள். வெளியே வெயில் எப்படிக் காய்ந்தாலும் உள்ளே வெப்பம் பெரிதாக மாறாது. குளிர்காலத்தில் குளங்களில் இருந்து ஐஸ் வெட்டி வந்து உள்ளே அடுக்கினார்கள். மேலே நிழலுக்கு கஸ்தானியன் மரங்கள் நட்டார்கள். அகன்ற இலை, நல்ல அடர்த்தி, வேர் ஆழமாகப் போய்ச் சுரங்கத்தின் கூரையை உடைக்காது. சரி, கீழே குளிர்ந்த பியர் இருக்கிறது, மேலே நிழல் இருக்கிறது. மனிசர் என்ன செய்வார்கள்? வாங்கு போட்டுக் குடிக்கத் தொடங்கினார்கள். அதனால்தான் இந்த ஊர்க்காரர் 'கெல்லருக்குள்ளே போகிறோம்' என்று சொல்வதில்லை, 'கெல்லருக்கு மேலே போகிறோம்' என்பார்கள். நிலவறையின் தலையில் உட்கார்ந்து குடிக்கிறது.

மியூனிக்கில் இது பெரிய சண்டையாகிவிட்டது. பியர்க்காரர் சாப்பாடும் விற்கத் தொடங்க, நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் எங்கள் பிழைப்புப் போகுது என்று ராசாவிடம் போனார்கள். 1812இல் முதலாம் மக்ஸ் யோசெப் ஒரு தீர்ப்புச் சொன்னார்: கெல்லரில் கோடையில் பியர் விற்கலாம், பாணும் விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது. சனம் என்ன செய்தது? சாப்பாட்டை வீட்டில் கட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தடை எப்போதோ போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 1999இல் பவேரிய அரசு பியர்த் தோட்டங்களுக்கு ஒரு சட்டவிதி எழுதியபோது, பியர்த் தோட்டம் என்றால் சொந்தச் சாப்பாடு கொண்டுவந்து சாப்பிடலாம் என்பதையும் அதில் எழுதிவைத்தது. ஆக, என் மீன் கட்லட்டுக்கு ராசாவின் தீர்ப்பும் அரசின் விதியும் காவல்.

நிலையத்தில் இருந்து நடந்தோம். ஆற்றுக்கு நடுவே கட்டிய பழைய நகரமண்டபம், தேவாலயத்தின் நான்கு கோபுரங்கள், படம் எடுக்கிற சீனத்துப் பிள்ளைகள். 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம், அதை எல்லாம் நீங்கள் எந்த வழிகாட்டியிலும் படிக்கலாம். அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது, மேட்டில் ஏறும்போது மூன்று தரம் நின்றார். மூன்றாவது தரம், "இவ்வளவு ஏறி வந்து என்ன குடிக்கப்போறம்?" என்று கேட்டார். அது சும்மா கேட்ட கேள்வி. எனக்குத்தான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

மேலே போனால் ஒரே நிழல். நீளமான மர மேசைகள், சரளைக்கல்லுத் தரை, ஒரு மூலையில் ஊஞ்சலும் மணலும். மேசைவிரிப்பு போட்ட மேசைகளில் பரிமாறுவார்கள், அங்கே கடைச் சாப்பாடுதான். வெறும் மேசைகள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு. ஒரு மேசையில் வயதான தம்பதி இருந்தார்கள், பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன், தலையை ஆட்டினார்கள். இதுதான் எனக்குக் கெல்லரில் முதலில் பிடித்தது. தனி மேசை என்று ஒன்று இல்லை. அந்தப் பாட்டி ஒரு துணிப்பையில் இருந்து முள்ளங்கி, சீஸ், பாண், ஒரு சின்ன உப்புப் போத்தல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் எவர்சில்வர் டப்பாவைத் தானே திறந்தார்.

கவுண்டருக்கு நான் போனேன். பத்து வருடமாகப் போகிற இடம், அன்றைக்குக் கால் நடுங்கியது. பிள்ளைகளுக்கு அப்பிள்சாறும் சோடாவும் கலந்த ஷோர்லே, அப்பாவுக்கும் அதுவே. கணவருக்கு ஒரு கெல்லர் பியர். எனக்கு? தண்ணி என்று சொல்லிவிடலாம். நாலு சொல் யோசித்து, கடைசியில் "ஒரு புகை பியர்" என்று சொல்லிவிட்டேன். தட்டில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் அந்தக் கல்ஜாடியை வைத்தேன். அப்பா பார்த்தார். கணவர் கட்லட்டைப் பார்த்தார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கட்லட்டை எடுத்துப் பாதியாகப் பிட்டு என் மகளுக்குக் கொடுத்தார்.

இந்த இடத்தில் பியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அஞ்சு நிமிசமும் நான் பியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவைப் பார்க்கத் துணிவில்லை.

எங்கள் வயதுக்காரர் 'கிராஃப்ட் பியர்' என்றால் அமெரிக்காவில் தொடங்கின புதுக் கூத்து என்று நினைப்போம்: வண்ண ரின், மாம்பழ வாசம், தாடிக்காரர். இங்கே அந்தச் சொல்லையே யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் பம்பேர்க் இருக்கிற இந்த மேல் பிராங்கன் பகுதியில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் புரூவரிகள் இருக்கின்றன, பல ஒரு குடும்பம் மட்டும் நடத்துகிறவை. சில பியர்களை ஊருக்கு இருபது கிலோமீற்றர் தள்ளிப் போனால் வாங்க முடியாது. கெல்லர் பியர் என்பது வடிகட்டாதது, அதனால் கலங்கலாக இருக்கும், கொஞ்சம் பாண் வாசம் அடிக்கும். சிலதை 'உன்கெஷ்புன்டெட்' என்பார்கள். பீப்பாவின் அடைப்பை இறுக்காமல் விட்டு முதிரவைப்பது, வாயு வெளியேறிவிடும். அதனால் வயிற்றை உப்பாது, நுரை மெல்லியது, வெயிலில் இலகுவாக இறங்கும். இலகுவாக இறங்குவதுதான் அதன் ஆபத்தும். இவை பெரும்பாலும் 5 வீதத்துக்குக் கிட்ட, அரை லீற்றர் ஜாடி. தாகத்துக்குக் குடிக்கிற சாமான் இல்லை. தாகத்துக்குத் தண்ணி குடித்துவிட்டுத்தான் நான் பியரைத் தொடுவேன், பக்கத்திலும் ஒரு போத்தல் தண்ணி வைத்துக்கொள்வேன்.

வெயில் காலத்தில் ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பியர்தான் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறோம். அப்படிக் குடித்தால் நாக்கு விறைத்துப்போகும், மலிவு பியருக்கும் நல்ல பியருக்கும் வித்தியாசம் தெரியாது. (மலிவு பியர் விளம்பரங்கள் எல்லாம் ஏன் பனிக்கட்டியைக் காட்டுகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.) கெல்லர் பியருக்கு 7இல் இருந்து 9 பாகை போதும். ஜாடி கையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற, முதலில் கசப்பு, பிறகு பாண், பிறகு தேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அரை மணித்தியாலம் ஒரு ஜாடியோடு இருப்பதற்கு அதுவே போதுமான காரணம். கல்ஜாடிக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஹொப்ஸில் இருந்து வரும் கசப்புப் பொருள்மேல் சூரிய ஒளி பட்டால் கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருள் உண்டாகும். கண்ணாடிக் குவளையை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே அந்த நாற்றம் வரும். பியர்ப் போத்தல் மண்ணிறமாக இருப்பதும் இதற்காகத்தான். கல்ஜாடிக்குள் ஒளியே போகாது, குளிர்மையும் தங்கும்.

நான் வாங்கின புகை பியர் பம்பேர்க்கின் அடையாளம். பார்லியை முளைக்கவைத்து, முளையை நிறுத்துவதற்குக் காயவைக்க வேண்டும். பழைய காலத்தில் விறகு நெருப்பில் காயவைத்தார்கள், புகை தானியத்தில் ஏறும். பிறகு புகை படாத சூளைகள் வந்தன, உலகம் முழுக்கப் பியரில் புகை வாசம் மறைந்துபோனது. பம்பேர்க்கில் ஷ்லென்கெர்லா, ஸ்பெட்சியால் என்ற இரண்டு இடங்கள் மட்டும் விடாப்பிடியாக இன்றைக்கும் பீச் மர விறகில் தாங்களே மோல்ட் புகைக்கிறார்கள். முதல் வாய்க்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். என் கணவர் முதல்முறை குடித்துவிட்டு, "ஆரோ பியருக்குள்ள கருவாட்டைப் போட்டிட்டினம்" என்றவர்.

"என்ன மணம் இது?" என்று அப்பா கேட்டார்.

காற்று அவர் பக்கம் அடித்திருக்கிறது. "புகை அப்பா. விறகுப் புகை."

கையை நீட்டினார். நான் ஜாடியைத் தள்ளினேன். குடிக்கவில்லை, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருக்கா மணந்தார்.

"எங்கட புகையிலைக் குடில்" என்றார்.

எனக்குத் தெரியாத கதை வந்தது. அப்பப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். வெட்டின இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, தென்னம் பொச்சு மூட்டிப் புகை போடுவார்களாம். இரவு முழுக்க யாராவது காவல் இருக்க வேண்டும், நெருப்புப் பற்றினால் எல்லாம் போய்விடும். அப்பாவும் சித்தப்பாவும்தான் காவல். சித்தப்பாவுக்குப் பத்து வயது, அப்பாவுக்குப் பன்னிரண்டு. "அவன் நித்திரை கொண்டிடுவான். நான்தான் எழுப்பிறனான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனா ரெண்டு பேரின்ர உடுப்பிலையும் இந்த மணம்தான்."

சித்தப்பாவின் சாவுக்குப் பிறகு அவர் சித்தப்பாவைப் பற்றி இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

பிறகு கள்ளுக்குப் போனார். பனங்கள்ளை அன்றன்றைக்கே குடிக்க வேண்டும், காலையில் இறக்கினது பின்னேரம் கடுத்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பணி, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். இங்கே மலையைக் குடைந்து குளிரைத் தேடினார்கள், அங்கே வெயிலே நாலு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடுகிறது. கணவர் கேட்டார், "மாமா, நீங்கள் தவறணைக்குப் போறனீங்களோ?" அப்பா சிரித்தார். "ஆர் விட்டது? பனையோலைப் பிளாவில வளவுக்குப் பின்னால நிண்டுதான் குடிக்கிறது. எங்கட ஐயாவும் ஒளிச்சுத்தான் குடிச்சவர். கள்ளு வேணும், ஆனா இறக்கிறவன் வாசலுக்குள்ள வரக் கூடாது. அப்பிடி ஒரு ஊர்." கொஞ்ச நேரம் பொறுத்து, பக்கத்து வாங்கில் இருந்த தம்பதியைக் காட்டிச் சொன்னார்: "இவை சாப்பிடுறதையும் குடிக்கிறதையும் ஆரும் பாக்கினமோ எண்டு திரும்பிப் பாக்கினமில்லை."

அப்போதுதான் மகன் ஊஞ்சலில் இருந்து வந்தான். வேர்த்து விறுவிறுத்து, ஷோர்லேயை ஒரே மூச்சில் குடித்தான். என் ஜாடியைப் பார்த்தான்.

"அம்மா, இது என்ன?"

ஜேர்மனியில் பியர் வாங்க 16 வயது போதும். இது இங்கே வளர்க்கிற ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரின் தலையிலும் இருக்கிற எண். கனடாவில் இருக்கிற அக்காவுக்குச் சொன்னால் நெஞ்சில் கை வைப்பா, அவவின் ஊரில் 19. என் மகனுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. அந்த ஏழு வருடத்தில் யாரிடம் இருந்து இதைப் பற்றிக் கேட்டு அறியப்போகிறான்? வகுப்புப் பெடியளிடம் இருந்தா, டிக்கிக்குப் பின்னால் நிற்கிற மாமாக்களிடம் இருந்தா?

"பியர்" என்றேன். "பெரியாக்கள் குடிக்கிறது."

"என்ர தம்பி இதைக் குடிச்சுத்தான் செத்தவன்" என்றார் அப்பா.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னார். மேசையில் பக்கத்துப் பாட்டி முள்ளங்கிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தா. மகன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மப்பா, அப்ப அம்மா ஏன் குடிக்கிறா?"

"அதை அம்மாட்டைக் கேள்."

முப்பத்தொன்பது வயதில், அப்பாவுக்கு முன்னால் வைத்து, பிள்ளைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். "எனக்கு இதின்ர ருசி பிடிக்கும்" என்றேன். "சாப்பாட்டோட ஒண்டு குடிப்பன். ரெண்டாவது குடிக்க மாட்டன். உங்களை ரெயினில கூட்டிக்கொண்டு வீட்டை போகவேணும். சின்னத் தாத்தாவுக்கு ஒண்டோட நிப்பாட்ட முடியேல்லை. அது ஒரு வருத்தம். அவருக்கு ஆரும் உதவி செய்யேல்லை, ஏனெண்டால் ஆருக்கும் தெரியாது."

"ஏன் தெரியாது?"

"ஒளிச்சுக் குடிச்சவர்."

மகன் யோசித்தான். "மாமாக்கள் மாதிரியோ?" என்று கேட்டான். நான் பதில் சொல்ல முதல் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடிவிட்டான்.

நான் அழவில்லை, ஆனால் பேச்சு வரவில்லை. அப்பா தன் ஷோர்லேயைக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தனிய இருந்து மட்டும் குடிச்சுப்போடாத, பிள்ளை."

இதைப் படித்துவிட்டு, கஸ்தானியன் மர நிழலில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த நாட்டிலும் குடியால் அழிந்த குடும்பங்கள் நிறைய. எங்கள் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி ஒருவர் நாங்கள் வந்த நேரம் தொட்டுத் தனியாக இருந்தார், நான்காவது ஜாடியில் நின்றார், அவரை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வெளிப்படையாகக் குடித்தால் ஆபத்து இல்லை என்று இல்லை. அவருடைய ஜாடிகளை எண்ண ஆட்கள் இருக்கிறார்கள், சித்தப்பாவுக்கு இருக்கவில்லை. அந்த எண்ணிக்கையால் அவருக்கு ஏதும் நன்மை உண்டா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பாவுக்கு மாதிரி, குடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் அந்த மேசையில் இடம் இருந்தது, அதை மட்டும் கவனித்தேன். யாரும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. எங்கள் விழாக்களில் குடிக்காத ஆணைப் படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

கோடைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விசயம். பவேரியா முழுக்க உள்ளூர் ரயில்களில் போக பயர்ன் ரிக்கற் என்று ஒன்று இருக்கிறது, ஐந்து பேர் வரைக்கும் சேர்ந்து போகலாம், கிழமை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு செல்லும். கெல்லர்கள் வெயில் நாட்களை நம்பித்தான் திறக்கும், மழை இருட்டினால் பூட்டிவிடுவார்கள், அதனால் போக முதல் பார்த்துக்கொண்டு போங்கோ. காசு நோட்டாகக் கொண்டுபோங்கோ. சொந்தச் சாப்பாடு சரியா என்று கவுண்டரில் ஒருக்காக் கேட்டால் கௌரவக் குறைச்சல் இல்லை, ஆனால் குடிக்கிறதை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். அரை லீற்றரை இங்கே 'சைட்லா' என்பார்கள், அந்தச் சொல்லைச் சொன்னால் கவுண்டரில் ஒரு சிரிப்புக் கிடைக்கும். குடிக்காதவர்களுக்கு அல்கஹோல் இல்லாத பியரும் இப்போது நல்ல ருசியாகவே கிடைக்கிறது. நடக்கப் பிடித்தால், பம்பேர்க்கில் இருந்து கிழக்கே அவுஃப்செஸ் என்ற குட்டிக் கிராமம் இருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் சனத்துக்கு நான்கு புரூவரி என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறினது. நான்கையும் இணைத்துப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீற்றர் நடைபாதை. பிள்ளைகளோடு இரண்டைத் தாண்டுவது கஸ்டம், அதுவும் காலால்தான்.

இருட்ட முதல் இறங்கினோம். இறக்கத்தில் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வடை மிச்சம் நான்கு இருந்தது, இரண்டை அப்பா அந்தத் தம்பதிக்குக் கொடுத்திருந்தார். பாட்டி உழுந்தை என்ன என்று கேட்க, அப்பா நாற்பது வருட ஜேர்மனில் விளங்கப்படுத்தி, கடைசியில் "சின்ன, கறுத்த, நல்ல பயறு" என்று முடித்தார். ரயிலில் நித்திரையாகிவிட்டார். அவருடைய சேட்டில் புகை மணம் ஒன்றும் இல்லை, நான் மணந்து பார்த்தேன்.

அடுத்த நாள் காலை மகனின் சைக்கிளுக்குக் காற்றடிக்க என்று அப்பா கெல்லர் திறப்பைக் கேட்டார். கொடுத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தடுக்கவும் முடியாது. பத்து நிமிசத்தில் மேலே வந்தார், ஒரு கையில் காற்றடிக்கிற பம்ப், மற்றக் கையில் இரண்டு போத்தல். பிரிட்ஜைத் திறந்து, கதவில் பால் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டையும் நிறுத்தினார்.

"பெடியன் ஹெல்மெட் எடுக்கேக்க விழுந்து உடையப்போகுது" என்றார். "தேத்தண்ணி போடுறியோ?"